ஒரு அப்பாவின் 33 பக்கக் கடிதம்

பெரியம்மாவின்ர மகள், என்ர அக்கா, தன்ர மகனுக்கு இரண்டு வயசாகியும் கதை வரேல்லை எண்டு முதன்முதல் வாய்விட்டுச் சொன்னது ஒரு அந்தியேட்டி வீட்டில. அரை மணித்தியாலத்துக்குள்ள அவவுக்கு ஏழெட்டு விளக்கம் கிடைச்சிட்டுது. ஆம்பிளைப் பிள்ளையள் பிந்தித்தான் கதைப்பினம். சித்தப்பாவும் நாலு வயசிலதான் வாய் திறந்தவர், இப்ப மூடச் சொன்னாலும் மூடமாட்டார். தனிப் பிள்ளை, அதான். போனைக் குடுத்துப் பழக்கிப்போட்டியள். கடைசியா ஒரு மாமி, அன்பாத்தான், கேட்டா: "நீ வேலைக்குப் போறனி என்ன பிள்ளை? அவனோட ஆர் கதைக்கிறது?"

அக்கா ஒண்டும் சொல்லேல்லை. தேத்தண்ணிக் கோப்பையளை எடுத்துக்கொண்டு குசினிக்குள்ள போயிட்டா.

நான் வரலாறு படிக்கிறன். பிள்ளை வளர்ப்பு பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் மாமியின் அந்தக் கேள்வி மனதில் கிடந்தது. பிறகு ஓட்டிசம் பற்றித் தேடித் தேடி வாசித்தபோதுதான் விளங்கியது, அந்தக் கேள்விக்கு ஒரு வயசு இருக்கிறது. அது மாமியின் கேள்வியே இல்லை. பெரிய பெரிய பேராசிரியர்கள் கேட்டு, புத்தகமாகப் போட்டு, ஒரு தலைமுறைத் தாய்மாரையே அழவைத்த கேள்வி அது.

கதை தொடங்குவது அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், ஃபொரெஸ்ற் என்ற சின்ன ஊரில். 1933இல் அங்கே டொனால்ட் ட்ரிப்லெற் என்ற பிள்ளை பிறந்தது. அப்பா பீமன் ஒரு சட்டத்தரணி. அம்மா மேரி ஊர் வங்கியை நடத்திய குடும்பத்துப் பெண், ஆங்கில ஆசிரியையாக இருந்தவர். டொனால்டுக்குக் கதை வராமல் இல்லை. ஒரு வயசில் கேட்ட பாட்டைப் பிசகாமல் பாடினான். இரண்டு வயசில் பைபிளின் 23ஆம் சங்கீதத்தை ஒப்புவித்தான். கொஞ்ச நாளில் பிரெஸ்பிற்றேரியன் திருச்சபையின் மறைக்கல்வியில் 25 கேள்வி பதில் பாடம். ஆனால் பசிக்குது, தண்ணி வேணும் எண்டு அம்மாவிடம் கேட்க அந்தச் சொற்கள் உதவவில்லை. தன்னை 'நீ' என்றும் மற்றவரை 'நான்' என்றும் மாற்றிச் சொன்னான். குளிக்கவேண்டுமென்றால், குளிக்கப்போகிறாயா என்று அம்மா கேட்கும் கேள்வியையே திருப்பிக் கேட்பான். 'ஓம்' என்று சொல்ல அப்பா பழக்கியது, தோளில் தூக்கவா என்று கேட்டுக் கேட்டு. அதனால் கனகாலம் அவனுக்கு 'ஓம்' என்றால் தோளில் தூக்கு என்றுதான் அர்த்தம்.

1937இல், டொனால்டுக்கு நாலு வயசு ஆகுமுன்பே, வைத்திய ஆலோசனைப்படி அவனை வீட்டை விட்டுத் தூர ஒரு நிறுவனத்தில் விட்டார்கள். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் இதுதான் வழமை. மறந்துவிட்டு அடுத்த பிள்ளையைப் பாருங்கள் என்பார்கள். மேரியும் பீமனும் மறக்கவில்லை. ஒரு வருடத்தால், நிறுவனத் தலைவரின் பேச்சையும் மீறி, பிள்ளையைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பால்ற்றிமோர் நகரத்து ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவமனையில் லியோ கனர் என்று ஒரு சிறுவர் மனநல வைத்தியர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, அவருக்குப் பீமன் ஒரு கடிதம் எழுதினார். தட்டச்சில் 33 பக்கம்.

33 பக்கம்! எங்கட ரியூற்றோரியல் கூட அவ்வளவு வராது. எழுதியவர் வைத்தியர் இல்லை. தனக்குத் தெரிந்த ஒரே வேலையை, அதாவது சாட்சியத்தை ஒழுங்காக அடுக்குகிற வேலையை, ஒரு சட்டத்தரணி தன்ர பிள்ளைக்காகச் செய்திருக்கிறார். பிள்ளை எப்போது எதைச் சாப்பிட்டான், எந்தச் சாமானைச் சுழற்றினான், யாரும் வீட்டுக்கு வந்தால் எப்படிக் கவனிக்காமலே இருந்தான், தனியாக இருக்கும்போது எவ்வளவு சந்தோசமாக இருந்தான், எல்லாம். 1938 ஒக்ரோபரில் டொனால்டை நேரில் கொண்டுபோனார்கள். கனருக்கு அவனை என்ன பெயர் சொல்லி வகைப்படுத்துவது என்று தெரியவில்லை. பிறகு அதே மாதிரி இன்னொரு பிள்ளை வந்தது, இன்னொன்று. 1943இல் 11 பிள்ளைகளைப் பற்றிய கட்டுரை வெளியானது. எட்டு ஆண், மூன்று பெண். டொனால்டுதான் முதலாவது. 11 பேரில் எட்டுப் பேர் கதைத்தார்கள், மூன்று பேர் கதைக்கவில்லை. ஆனால் கதைத்தவர்களும் சொற்களை மற்றவரோடு பேசுவதற்கு அவ்வளவாகப் பயன்படுத்தவில்லை என்பதைக் கனர் கவனித்தார். சொல் இருக்கிறதா இல்லையா என்பதை விட, சொல்லாலோ விரலாலோ கண்ணாலோ இன்னொருவரிடம் போகிறதா என்பது முக்கியம் என்ற விஷயம் அங்கேயே இருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு வரலாற்று மாணவியாக நான் நிற்கவேண்டும். அந்தக் கட்டுரையின் முதலாவது வரலாறு எதிலிருந்து எடுக்கப்பட்டது? கனர் ஒளிக்கவில்லை, பெரும்பகுதி அப்பாவின் கடிதம், பிறகு மேரி வருடக்கணக்காக எழுதிய கடிதங்கள். மற்றப் பிள்ளைகளுடைய பதிவுகளிலும் தாய் தகப்பன் எழுதிவைத்த நாட்குறிப்புகள் வருகின்றன. அதாவது ஓட்டிசம் என்று இன்று நாங்கள் சொல்கிற விஷயத்தின் மூலாதாரமே பெற்றோரின் கவனிப்புத்தான். வைத்தியர் பெயர் வைத்தார். கண்டது வீட்டில் இருந்தவர்கள்.

அதே கட்டுரையின் கடைசிப் பக்கங்களுக்கு வந்தால் மனம் விட்டுப்போகும். இந்தப் பிள்ளைகளின் குடும்பங்களைப் பற்றிக் கனர் எழுதுகிறார்: எல்லாரும் மிகக் கெட்டிக்காரர்கள், ஆனால் உண்மையில் மனம் கனிந்த தாய் தகப்பன் மிகக் குறைவு. ஆதாரம்? அவர்கள் எழுதிக்கொடுத்த அந்த விபரமான குறிப்புகளே. 25 கேள்வி பதில் பாடமாக்கினான் என்று எண்ணி ஞாபகம் வைத்திருக்கிறார்களே, இதைவிட அவர்களுடைய அளவுமீறிய பிடிவாதத்துக்கு வேறென்ன சாட்சி வேண்டும் என்கிற மாதிரி அவருடைய வாதம் போகிறது. எழுதியதால்தான் அவருக்கு ஒரு கண்டுபிடிப்புக் கிடைத்தது. எழுதியதே அவர்கள் மீது குற்றமாகவும் போனது.

கனருக்கு நியாயம் சொல்வதென்றால், அதே கட்டுரையில் இந்தப் பிள்ளைகள் பிறக்கும்போதே இப்படிப் பிறக்கிறார்கள் என்றுதான் அவர் முடிக்கிறார். இரண்டு கருத்தும் ஒரே கட்டுரையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. உலகம் எடுத்துக்கொண்டது மற்றதை.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த 11 குடும்பங்களில் மூன்றைத் தவிர மற்றெல்லாம் அமெரிக்காவின் பிரபலங்கள் அல்லது விஞ்ஞானிகள் பட்டியல்களில் இருந்தவை. 11 தாய்மாரில் ஒன்பது பேர் பட்டதாரிகள், அதுவும் அந்தக் காலத்தில். இதைப் பார்த்துப் படித்த பெற்றோருக்குத்தான் இப்படிப் பிள்ளை பிறக்கும், படித்த பெண்கள் பாசமில்லாதவர்கள் என்ற முடிவுக்கு வந்தார்கள். முதலாம் வருட வரலாற்று மாணவருக்கும் இது பிழை என்று விளங்கும். 1938இல் மிசிசிப்பியிலிருந்து பால்ற்றிமோருக்குப் போய்ச் சேர யாரால் முடியும்? அதே மிசிசிப்பியின் பருத்தித் தோட்டத்துக் கறுப்பின அம்மாவும் தன்ர பிள்ளையைக் கவனித்திருப்பா. அவவுடைய 33 பக்கம் எந்த ஆவணக்காப்பகத்திலும் இல்லை.

1949இல் கனர் இன்னொரு கட்டுரையில், இந்தப் பிள்ளைகள் பனி உருகாத குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்கப்பட்டவர்கள் மாதிரி என்று எழுதினார். பத்திரிகைகளுக்கு இது போதும். 'குளிர்சாதனப் பெட்டித் தாய்' என்ற சொல் அப்படித்தான் ஊருக்குள் வந்தது. கவனியுங்கள், தகப்பன் பெட்டியிலிருந்து மெல்ல வெளியே வந்துவிட்டார்.

அந்தக் காலத்தில் வியன்னாவில் நடந்ததையும் சொல்லாமல் விடமுடியாது. பிறகு ஒரு நிலைக்கே பெயராகிப்போன ஹான்ஸ் அஸ்பேர்கர், 1941இல் மூன்று வயசுகூட நிரம்பாத ஒரு பெண்பிள்ளையை ஷ்பீகல்குறுண்ட் என்ற இடத்துக்கு அனுப்பப் பரிந்துரைத்தார். மூளைத் தொற்று நோயால் பாதிக்கப்பட்ட பிள்ளை, ஓட்டிசம் இல்லை. நாட்சிகள் வலுக்குறைந்த பிள்ளைகளைக் கொன்ற இடம் அது. ஐந்து ஆரோக்கியமான பிள்ளைகளை வளர்க்கிற தாய்க்கு இந்தப் பிள்ளை தாங்கமுடியாத சுமை என்பது அவர் எழுதிய காரணம். அந்தப் பிள்ளை சில மாதங்களுக்குள் இறந்துபோனது. ஹேர்விக் செக் என்ற வரலாற்றாசிரியர் 2018இல் இந்த ஆவணங்களை விரிவாக வெளியிட்டார். தாயின் பெயரால் வைத்தியர்கள் பேசும்போது நான் இப்போது கொஞ்சம் கூடுதலாகவே உஷாராகிறேன்.

வியன்னாவிலிருந்து தப்பி வந்த இன்னொருவர்தான் குளிர்சாதனப் பெட்டியை ஒரு முழுக் கோட்பாடாக்கியவர். புறூனோ பெற்றல்ஹைம் யூதர். டக்காவ், புக்கன்வால்ட் வதைமுகாம்களில் இருந்தவர். அமெரிக்கா வந்து, சிக்காகோப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த ஒரு சிறுவர் இல்லத்துக்கு 1944 முதல் தலைவராக இருந்தார். முகாமில் உயிரோடு இருக்கும்போதே உள்ளுக்குள் சுருங்கிப்போன கைதிகளை அவர் கண்டிருக்கிறார். ஓட்டிசப் பிள்ளைகளும் அப்படித்தான் தெரிந்தார்கள் அவருக்கு. அப்படியானால் காவல்காரன் யார்? 1967இல் வந்த 'வெற்றுக் கோட்டை' என்ற அவருடைய புத்தகத்தில், பிள்ளை இல்லாமலே இருந்திருக்கலாம் என்ற பெற்றோரின் விருப்பமே இதைத் தூண்டுகிறது என்று சொன்னார். சிகிச்சை, பிள்ளையைத் தாய் தகப்பனிடமிருந்து பிரிப்பது. அவர் கலாநிதிப் பட்டம் பெற்றது தத்துவத்தில், கலையும் அழகியலும் பற்றி. 1990இல் அவர் இறந்த பிறகு, அந்த இல்லத்தில் வளர்ந்த சிலர் தங்களை அவர் அடித்ததாக எழுதினார்கள். அதுவரை அமெரிக்காவின் வீட்டுக்கு வீடு தெரிந்த பிள்ளை வளர்ப்பு நிபுணர் அவர்.

அந்தத் தாய்மாரை யோசித்துப் பார்க்கிறேன். பிள்ளைக்கு என்ன என்று கேட்டுப் போனவர்களிடம், உனக்கு என்ன பிரச்சினை என்று திருப்பிக் கேட்டார்கள். பிள்ளைக்குக் கதை பழக்கவேண்டிய வருடங்களில் தாயை உளப்பகுப்பாய்வுக்கு அனுப்பினார்கள். இப்படிக் குற்றம் சாட்டப்பட்டால் அடுத்த முறை நீங்கள் உண்மையைச் சொல்வீர்களா? அவன் கண்ணைப் பார்க்கிறதில்லை எண்டு சொல்லுவீங்களா, அல்லது பார்க்கிறான் பார்க்கிறான் எண்டு சமாளிப்பீங்களா?

திருப்பம் வந்ததும் வீட்டிலிருந்துதான். பேர்னாட் றிம்லான்ட் சான் டியேகோவில் கடற்படைக்கு வேலை செய்த உளவியலாளர். 1956இல் பிறந்த அவருடைய மகன் மார்க் ஓயாமல் அழுதான், தூக்கவும் விடவில்லை. இப்படியொரு பிள்ளையைப் பற்றிக் கல்லூரியில் படித்த ஞாபகம் இருக்கிறது என்று சொன்னது மனைவி குளோரியா. பழைய பாடப்புத்தகத்தைக் கிண்டி எடுத்துப் பார்த்தபோதுதான், உளவியலில் கலாநிதிப் பட்டம் வைத்திருந்த மனிசன் 'ஓட்டிசம்' என்ற சொல்லையே முதன்முதல் கண்டார். பிறகு கிடைத்ததெல்லாம் வாசித்தார். தாய் காரணம் என்பதற்கு ஆதாரம் எங்கே என்று தேடினார். இல்லை. 1964இல் அவர் எழுதிய 'குழந்தைப் பருவ ஓட்டிசம்' புத்தகம் அந்தக் கோட்பாட்டை உடைத்தது. அதற்கு முன்னுரை எழுதியவர் கனர்! புத்தகத்தின் பின்பக்கத்தில் பெற்றோர் நிரப்புவதற்கென்று ஒரு கேள்வித்தாள் இருந்தது. தாய்மார் அதை நிரப்பி, கூடவே கடிதமும் வைத்து அனுப்பத் தொடங்கினார்கள். திரும்பவும் கடிதங்கள். அடுத்த வருடமே பெற்றோர் சேர்ந்து ஒரு தேசிய அமைப்பைத் தொடங்கினார்கள். லண்டனில் இன்னும் முந்தி, 1962இலேயே, பெற்றோர் அமைப்பாகியிருந்தார்கள். அவர்களில் ஒருவரான லோர்னா விங் ஓட்டிசமுள்ள மகளின் தாயும், மனநல வைத்தியரும்.

பெற்றல்ஹைமின் புத்தகம் வந்த அதே 1967இல் இன்னொரு புத்தகமும் வந்தது. கிளாரா பார்க் என்ற தாய் தன்ர நாலாவது பிள்ளையைப் பற்றி எழுதிய 'முற்றுகை'. ஒருவர் கோட்டை என்கிறார், மற்றவர் முற்றுகை என்கிறார், உவமை கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் கிளாராவின் புத்தகத்தில் தாய் வெளியில் நின்று உள்ளே போக வழி தேடுகிறவள். விளையாட்டு விளையாட்டாக, நாள் நாளாக, பிள்ளையின் கையைத் தொட்டு.

1969இல் வாஷிங்டனில் அந்தப் பெற்றோர் அமைப்பின் கூட்டத்துக்குக் கனர் வந்தார். உங்களைக் குற்றத்திலிருந்து விடுவிக்கிறேன் என்ற கருத்தில் பேசினார். எல்லாரும் எழும்பி நின்று கைதட்டினார்களாம். எனக்கு அந்தக் கைதட்டல் கொஞ்சம் கசக்கிறது. விடுவிப்பதென்றால் முதலில் பிடித்துவைத்திருக்கவேண்டுமே.

பிறகு ஆய்வுகளும் வந்தன. 1977இல் சூசன் போல்ஸ்ரைனும் மைக்கல் றட்டரும் இரட்டைப் பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். ஒத்த இரட்டையர் 11 சோடியில் நாலு சோடியில் இருவருக்குமே ஓட்டிசம். ஒவ்வாத இரட்டையர் 10 சோடியில் ஒன்றிலும் அப்படி இல்லை. சின்ன எண்ணிக்கைதான், ஆனால் பரம்பரைக்குப் பெரும் பங்கு இருக்கிறது என்று காட்டப் போதுமானது. 1980இல் அமெரிக்காவின் மனநோய்க் கையேடு ஓட்டிசத்தைத் தனியாகப் பிரித்தது. 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பு, பிந்திக் கதைப்பதை ஓட்டிசத்தின் அளவுகோல்களிலிருந்தே எடுத்துவிட்டது. பிந்திக் கதைக்கிற எல்லாருக்கும் ஓட்டிசம் இல்லை, ஓட்டிசம் உள்ள எல்லாரும் பிந்திக் கதைப்பதும் இல்லை. சித்தப்பா கதை உண்மையாக இருக்கலாம். ஆனால் சித்தப்பா மூன்று வயசில் நாயைக் கண்டால் விரலால் காட்டினாரா, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பினாரா என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. சிக்கல் அங்கேதான்.

இதற்குள் 1998இல் அன்ட்ரூ வேக்பீல்ட் வந்து வெறும் 12 பிள்ளைகளை வைத்துத் தடுப்பூசி மேல் பழி போட்டதும், 2010இல் லான்செற் சஞ்சிகை அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்று, பிரித்தானியா அவருடைய வைத்தியப் பதிவையே நீக்கியதும் வேறு கதை. பெற்றோரின் பயத்தை இன்னொருவர் எப்படிக் காசாக்கலாம் என்ற கதை.

எங்கட நாட்டுக்கு வருவோம். 2009இல் பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் சகாக்களும் வெளியிட்ட ஓர் ஆய்வில், 18 முதல் 24 மாதப் பிள்ளைகள் 374 பேரைப் பரிசோதித்தார்கள். 93 பேருக்கு ஒருவர் என்ற அளவில் ஓட்டிசம் இருந்தது. உலகமெங்கும் பயன்படுகிற ஒரு கேள்வித்தாளைச் சிங்களத்துக்கு மாற்றித் தாய்மாரிடம் கொடுத்தார்கள். உங்கள் பிள்ளை விரலால் காட்டுகிறதா, மற்றப் பிள்ளைகளில் ஆர்வம் காட்டுகிறதா என்கிற மாதிரி, ஓம் இல்லை என்று பதில் சொல்லும் கேள்விகள். அந்தக் கேள்வித்தாள் ஓட்டிசமுள்ள பிள்ளைகளில் நாலில் ஒருவரை மட்டுமே பிடித்தது. தாய்மார் எப்படி அந்தக் கேள்விகளை விளங்கிப் பதில் சொன்னார்கள் என்பதில் எங்கட பண்பாட்டுக்கும் பங்கு இருக்கிறது என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள்.

இதைத் தாய்மாருக்கு விளங்கவில்லை என்று வாசிக்கலாம். ஆனால் ஆய்வாளர்கள் தாயை மாற்றப் பார்க்கவில்லை, கேள்வித்தாளை மாற்றினார்கள். சொல்லுக்குப் பதிலாகப் படம். பிள்ளை இப்படிச் செய்கிறதா என்று புகைப்படத்தைக் காட்டிக் கேட்கிற ஒரு புதிய முறையை உருவாக்கி, 2017இல் அதன் பெறுபேறுகளை வெளியிட்டார்கள். மிசிசிப்பியிலிருந்து இங்கே வரை நான் வாசித்ததில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஆனால் படத்துக்குப் பிறகு என்ன? பேச்சு மொழிச் சிகிச்சையாளர்களைப் பயிற்றுவிக்கும் பட்டப்படிப்பு களனிப் பல்கலைக்கழகத்தின் றாகம மருத்துவ பீடத்தில் நடக்கிறது. அங்கிருந்து வெளிவருபவர்களில் தமிழில் சிகிச்சை செய்யக்கூடியவர்கள் போதாது. கதை பழக்குவது பிள்ளையின் வீட்டு மொழியில்தானே நடக்கவேண்டும்? வடக்கிலோ கிழக்கிலோ மலையகத்திலோ உள்ள ஒரு தாய்க்கு, சந்தேகம் வந்ததற்கும் முதல் அமர்வுக்கும் இடையில் போகிற மாதங்கள் சும்மா போகிற மாதங்கள் இல்லை. அந்த மாதங்களைத்தான் நாங்கள் "பிந்திக் கதைப்பான்" எண்டும், "போன்" எண்டும் நிரப்புறம். போனைக் குறைத்துப் பிள்ளையோடு கதைப்பது நல்லதுதான், எந்தப் பிள்ளைக்கும். அதற்காக ஓட்டிசத்தைப் போன் கொண்டுவரவில்லை. குளிர்சாதனப் பெட்டி போய்ப் போன் வந்திருக்கிறது, அவ்வளவுதான். இரண்டுக்கும் பக்கத்தில் நிற்கிறது அம்மா.

தமிழில் 'மதியிறுக்கம்' என்றும் எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல்லில் விருப்பமில்லை. அதற்குள் பெற்றல்ஹைமின் கோட்டை இருக்கிற மாதிரித் தெரிகிறது.

டொனால்ட் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். பெற்றோர் அவனை 1942இல் ஊருக்கு அருகில் ஒரு விவசாயக் குடும்பத்தோடு கொஞ்சக் காலம் இருக்கவிட்டார்கள். எண்ணுவதில் அவனுக்கு இருந்த பைத்தியத்தை அந்த விவசாயி மறிக்கவில்லை, சோளவரிசையை எண்ணிக்கொண்டே உழவிட்டார். பிறகு டொனால்ட் பட்டதாரியானார், குடும்ப வங்கியில் வேலை செய்தார், 27 வயசில் கார் ஓட்டப் பழகினார், கோல்ஃப் விளையாடினார், தனியாக உலகம் சுற்றினார். 2023 ஜூனில், 89 வயசில் இறந்தார். வங்கியும் காசும் வெள்ளைத் தோலும் இல்லாத குடும்பத்தில் பிறந்திருந்தால் இதில் எவ்வளவு நடந்திருக்கும் என்பது வேறு.

நான் இதையெல்லாம் ஒருநாள் பின்னேரம் அக்காவுக்குச் சொன்னேன். பெற்றல்ஹைமை விட அவவைப் பிடித்தது அந்த 33 பக்கம்தான். மருமகனுக்குக் கேட்டல் பரிசோதனை முடிஞ்சிட்டுது, காது சரி. பேச்சுச் சிகிச்சைக்கு இன்னும் திகதி வரேல்லை. கிளினிக் கொப்பியில இருக்கிற சின்னக் கட்டங்கள் காணாது எண்டு அக்கா ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கினவ. முதல் நாலைஞ்சு பக்கத்தில் வெட்டிக் கிறுக்கி, இப்ப ஒழுங்கா எழுதுறா. போனகிழமை காட்டினா. கடைசியா எழுதியிருந்தது இது:

"பின்னேரப் பூசைக்குக் கொண்டுபோனன். மணி அடிக்கக் காதைப் பொத்தினான். நிண்டோன்ன என்ர கையைப் பிடிச்சு மணிப் பக்கம் இழுத்தான், திரும்ப அடிக்கட்டாம். விரலால காட்டேல்லை. என்ர கையைத்தான் இழுத்தான். ரெண்டு தரம்."